சாஸ்தா வயல்

பங்குனித் திங்களில் உத்திர நட்சத்திரம் வரும் நாளை ஒட்டித் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் தொடர்வண்டிகளில் நிற்க இடம் கிடைப்பதே அரிதாகிவிடும். பெரிய பைகளும் வாழையிலைக் கட்டுகளும் குழந்தைகளுமாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறுவர். இவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். புகழ்பெற்ற ஒரே கோயிலை நாடிச் செல்பவர்களும் அல்லர். ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் வழிபட்ட சாஸ்தாவைத் தேடிச் செல்கிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளத்தங்கரையிலும் வயலோரத்திலும் மலையடிவாரத்திலும் இத்தகைய சாஸ்தா கோயில்கள் எண்ணற்றவை உள்ளன. அய்யனார் என்பதும் சாஸ்தா என்பதும் ஒருவரையே குறிக்கும். வள்ளியூருக்கு அருகிலுள்ள சித்தூர் தென்கரை மகாராஜேஸ்வரர் கோயில்போல் பெருங்கூட்டம் கூடும் இடங்கள் சில. பிற பெரும்பாலும் ஆண்டு முழுவதும் ஆளரவமின்றி இருந்து, உத்திரத்தன்று மட்டும் விழித்துக்கொள்பவை.

அன்று அங்கே கூடுவோர் அனைவரும் ஒருவருக்கொருவர் உறவினர். பம்பாயிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் வாழ்வோர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பந்தலின்கீழ் உண்டு, ஒரே களத்தில் பாய் விரித்து உறங்குவர். திருமணங்களுக்கும் இழவு வீடுகளுக்கும் சிலர் வருவர், சிலர் வாரார். உத்திரத்திற்கு அழைப்பிதழ் கிடையாது; ஆயினும் வருவர்.

இக்கூடுகைக்குப் பங்குனி வாய்த்தது தற்செயல் அன்று. நாஞ்சில் நாட்டு வயல்களில் ஆண்டுக்கு இருபோகம். சித்திரை, வைகாசியில் தொடங்குவது கன்னிப்பூ. புரட்டாசி, ஐப்பசியில் தொடங்குவது கும்பப்பூ. மாசி மாதத்திற்குள் கும்பப்பூ அறுவடை முடிந்துவிடும். கோதையாற்றின் குறுக்கே 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து பாசனத்திற்குத் தண்ணீர் விடும் காலம் ஜூன் முதல் பிப்ரவரி வரை என்பது வழக்கம். பங்குனியில் கால்வாய் வறண்டிருக்கும். வயல் அறுத்த தாளோடு வெறுமையாகக் கிடக்கும். பத்தாயத்தில் நெல் இருக்கும். ஆளுக்கு வேலை இராது. நூறு பேர் கூடிப் பந்தலிட்டு அடுப்பு மூட்ட வேண்டுமாயின், பயிரில்லா வயலைவிடச் சிறந்த இடம் வேறு எது? தெய்வத்தின் நாள் என்று போற்றப்படுவது உழவனின் ஓய்வு நாளாகவும் அமைந்திருக்கிறது.

திருவனந்தபுரத்திற்கும் அந்த வயல்களுக்குமான தொடர்பு பழமையானது. திருவிதாங்கூரின் தலைநகராகப் பத்மநாபபுரம் விளங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியபோது, அரசைப் பின்தொடர்ந்து கணக்கரும் வணிகரும் வந்தனர். சாலைக் கடைத்தெருவில் நெல்லும் பலசரக்கும் விற்ற கைகளுள் தமிழ்க் கைகள் பல. மனிதர் மட்டுமல்லர், தெய்வங்களும் இவ்வழியே நடந்தன. இன்றும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து, விழா முடிந்ததும் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர். அவர்களோடு வந்த மனிதர்கள்தாம் திரும்பவில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு இணைந்தன. அதுவரை ஓர் அரசின்கீழ் இருந்த வீடும் வயலும் இரு மாநிலங்களில் ஆயின. களியிக்காவிளையைக் கடந்து ‘ஊருக்குப் போதல்’ என்பது அதன் பின்னர் எல்லை கடத்தலும் ஆயிற்று.

கரமனையில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை இதற்குச் சான்றாகும். தந்தை நகரத்தில் பணிபுரிகிறார். மகள் எட்டாம் வகுப்பு மாணவி. பள்ளியில் விருப்பப்பாடமாகத் தமிழ் பயில்பவள். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் வகுப்பில் ஆங்கிலமும் அவளுக்கு இயல்பு. 2025ஆம் ஆண்டு உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை வந்தது. முந்தைய ஆண்டு மார்ச் 25, திங்கட்கிழமை வந்து பலரை வரவிடாமல் செய்த உத்திரம், இம்முறை சனி ஞாயிறைக் கையோடு அழைத்து வந்ததுபோல் இருந்தது. ஒருநாள் விடுப்பு எடுத்தால் மூன்று நாள் தங்கலாம். எனவே, வழக்கத்தினும் மிகுதியானோர் வந்தனர்.

வியாழன் மாலை வண்டி நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று நகர்ந்தது. குழித்துறையில் நிலையப் பலகை மாறுகிறது; இரணியலில் ஏறுவோர் பேச்சு மாறுகிறது. எந்த இடத்தில் மலையாளம் முடிந்து தமிழ் தொடங்கியது என்று கோடு கிழித்துக் காட்ட யாராலும் இயலாது. நாகர்கோவிலில் இறங்கி, வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து பூதப்பாண்டி செல்லும் பேருந்தில் ஏறி, அதற்கப்பாலும் சிறிது தொலைவு சென்றால் தாடகைமலை கண்ணெதிரே நிற்கும். அதன் நிழல் எட்டும் தொலைவில் ஒரு குளம், குளக்கரையில் சாஸ்தா, கரைக்குக் கீழே பதினைந்து மரக்கால் விதைப்பாடு வயலும் அதையொட்டிய தென்னந்தோப்பும். நிலத்தை அதில் விதைக்கும் நெல்லின் அளவால் சொல்வது அவ்வூர் வழக்கம். ஏக்கரும் சென்டும் பத்திரத்தில் இருக்கும். பேச்சில் மரக்காலும் கோட்டையும் இருக்கும்.

அக்குடும்பத்தார் வந்து சேர்ந்தபோது களத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தென்னோலைப் பந்தலின்கீழ்ப் பாய் விரித்து, பத்துப் பன்னிருவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தனர். மறுநாள் அவியலுக்கு வேண்டிய சேனை, வாழைக்காய், வெள்ளரி, முருங்கை, புடலை ஆகியவை குவியல் குவியலாகக் கிடந்தன. அவியல் காயை ஒரே நீளத்தில் நறுக்க வேண்டும். வயதில் மூத்த ஒரு பெரியம்மை ஒவ்வொருவர் கையையும் கவனித்துக்கொண்டே இருந்தார். ‘இது விறகு கீறினது மாதிரி இருக்கு’ என்றால், நறுக்கியவர் வங்கி மேலாளராக இருந்தாலும் மறுபடி நறுக்க வேண்டும். அவியல் கேரளத்து உணவா, தமிழ்நாட்டு உணவா என்று நகரத்தில் சிலர் வாதிடுவதுண்டு. நாஞ்சில் நாட்டில் அவ்வினாவைக் கேட்டால் சிரிப்பார்கள். அது அடுப்பிலிருந்து இறங்கிய காலத்தில் எல்லையே இல்லை.

ஆண்கள் தேங்காய் துருவினர். பெரிய உருளிகளும் வார்ப்புகளும் கிணற்றடியில் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. சிறுவர்கள் அறுத்த வயலில் நிலவொளியில் ஓடினர். தாள் காலில் குத்தியதால் முதல் நாள் நொண்டினர், மறுநாள் அதை மறந்தனர்.

அச்சிறுமிக்கு முதல் இடர் உறவுப்பெயரில் வந்தது. நகரத்தில் தாயின் வயதுடைய எல்லாப் பெண்களும் ‘ஆன்ட்டி’. எல்லா ஆண்களும் ‘அங்கிள்’. இங்கே அச்சொற்கள் செல்லுபடியாகா. தந்தையின் தமக்கையை அவள் ‘ஆன்ட்டி’ என்றதும் ஆச்சி திருத்தினார்: ‘அத்தைன்னு கூப்பிடு மக்களே. ஆன்ட்டி பஸ்ஸிலயும் இருப்பா.’ சித்தப்பாவின் மகன் தம்பி; அத்தையின் மகன் தம்பி அல்லன், அவன் அத்தான் அல்லது மச்சான். பெரியப்பாவின் மருமகள் மைனி. தாயின் உடன்பிறந்தாளுக்குப் பிறந்தவர்கள் உடன்பிறப்பு முறை. தந்தையின் உடன்பிறந்தாளுக்குப் பிறந்தவர்கள் மண முறை. இவ்வேறுபாடு எதற்கு என்று நகரத்துப் பிள்ளைகள் வியப்பர். உறவுச்சொல் என்பது அன்பின் அளவைச் சொல்வது அன்று. யார் எந்தக் குடும்பத்தின் ஏட்டில் எழுதப்படுவார் என்பதைச் சொல்வது. அந்த ஏட்டை அவள் மறுநாள் கண்டாள்.

வெள்ளி காலை சாஸ்தாவுக்குத் திருமுழுக்கு நடந்தது. துணைத் தெய்வங்களுக்கு மஞ்சணை சாத்தினர். பொங்கல் பானைகள் கரையோரம் வரிசையாக ஏறின. வெயிலில் நின்றவர்களுக்குச் சுக்கும் வெல்லமும் புளியும் கரைத்த பானக்காரம் வழங்கப்பட்டது. படையல் முடிந்து பந்தி தொடங்குமுன், பெரியப்பா புளியமரத்தடியில் ஒரு மர நாற்காலியில் அமர்ந்து நீண்ட கணக்கு நோட்டொன்றைத் திறந்தார். அதுவே வரிநோட்டு. விழாச் செலவைக் குடும்பங்கள் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. பங்கின் அலகு ‘தலைக்கட்டு’. மணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் மனைவியும் மக்களும் அவன் வரிக்குள் அடக்கம். அவ்வாண்டு நோட்டில் நாற்பத்து மூன்று தலைக்கட்டுகள். தலைக்கு ஆயிரம் ரூபாய். செல்வர் கூடுதலாகத் தரலாகாது. வறியவர் குறைவாகத் தரலாகாது. துபாயில் இருப்பவனும் ஊரில் தேங்காய் பறிப்பவனும் ஒரே வரியில் ஒரே தொகையோடு நிற்கும் இவ்விதி போற்றத்தக்கது. ஊரில் வேறெங்கும் காணக் கிடைக்காத சமநிலை இது.

சிறுமி தமிழ் படிக்கத் தெரிந்த பெருமிதத்தோடு பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று பெயர்களை வாய்விட்டுப் படித்தாள். பாட்டாவின் பெயரின்கீழ்ப் பெரியப்பா, தன் தந்தை, சித்தப்பா. அத்தையின் பெயர் இல்லை. அத்தை கொச்சியில் ஆசிரியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். ஓர் உத்திரமும் தவறியதில்லை. முந்தின இரவு காய் நறுக்கியவர்களுள் அவரும் ஒருவர். அவர் தந்த பணம் எங்கே என்று அவள் கேட்க, பெரியப்பா நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே ‘காணிக்கை’ என்ற தலைப்பின்கீழ் அத்தையின் பெயரும் மேலும் சில பெண்களின் பெயர்களும் இருந்தன. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கணவனின் சாஸ்தாவே சாஸ்தா. அவள் வரி அங்கே. இங்கே தருவது விருப்பக் காணிக்கை.

‘அப்போ நானும் பின்பக்கம்தானா?’ என்று அவள் கேட்டாள். பெரியப்பா விடை சொல்லாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வழக்கம் என்பது தொன்றுதொட்டு மாறாதது என்று நம்புவோர்க்கு நாஞ்சில் நாடு ஒரு நல்ல பாடம். நூறாண்டுக்கு முன்பு அப்பகுதியின் வேளாண் குடும்பங்கள் பலவற்றில் சொத்து மகனுக்குச் செல்லவில்லை. உடன்பிறந்தாளின் மகனுக்குச் சென்றது. இதற்கு மருமக்கள் வழி என்று பெயர். குடும்பம் தாய்வழியே எண்ணப்பட்டது. அதன் தலைவர் தாய்மாமனாகிய காரணவர். இம்முறையில் கணவனை இழந்த மனைவியும் அவள் மக்களும் ஆதரவின்றித் துன்புற்றனர். அத்துன்பத்தை ஒரு மனைவியின் வாய்மொழியாக நகைச்சுவையும் வேதனையும் கலந்து பாடியது ‘மருமக்கள்வழி மான்மியம்’. அதை இயற்றியவர் தேரூரில் 1876ஆம் ஆண்டு பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவர் திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பதை இந்நகரத்து மாணவர் பலர் அறியார். அந்நூலும் அக்காலத்துச் சீர்திருத்தக் குரல்களும் சேர்ந்து எழுப்பிய கோரிக்கையின் பயனாக, 1926ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூர் அரசு சட்டம் இயற்றி மக்கள் வழிக்கு இடமளித்தது.

ஆக, தந்தைவழியே எழுதப்பட்ட இவ்வரிநோட்டும் அப்பகுதிக்குச் சற்றே புதியதுதான்.

நிலத்தின் கணக்கோ வேறு திசையில் சென்றது. மாநிலங்கள் பிரிந்த அதே 1956ஆம் ஆண்டில் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை தனக்கெனத் தேடிய சொத்தை எழுதிவைக்காமல் இறந்தால், மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு உண்டு என்றது. பரம்பரைக் கூட்டுச் சொத்தில் மகனைப்போல் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டு தமிழ்நாடும், 2005ஆம் ஆண்டு இந்தியா முழுவதற்குமான திருத்தமும் கூறின. பாட்டா மறைந்தபின் குளக்கரை வயலின் கூட்டுப் பட்டாவில் ஆச்சி, மகன்கள் மூவர், அத்தை ஆகிய ஐவர் பெயரும் ஏறின. வட்டாட்சியர் அலுவலகம் அத்தையை முன்பக்கத்தில் எழுதியிருந்தது. புளியமரத்தடி நோட்டு பின்பக்கத்தில் எழுதியிருந்தது. இவ்விரு ஏடுகளும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. அவ்வாண்டு சனிக்கிழமை அவை நேருக்கு நேர் சந்தித்தன.

சனிக்கிழமை முற்பகல், பிற கிளையினர் குளத்தில் நீராடச் சென்றபின், ஐவரும் தோப்பில் அமர்ந்தனர். பிள்ளைகளும் சுற்றி நின்றனர், யாரும் விரட்டவில்லை. வயலை விற்றுவிடலாம் என்று பெரியப்பா தொடங்கினார். அவ்வூரில் வயல் பல வீட்டுமனையாகிவிட்டன. குளக்கரைச் சாலையில் தார் போட்டபின் கேட்போரும் பெருகினர். பணத்தாசையால் அவர் அதைச் சொன்னார் என்று எண்ணுதல் தவறு. அறுபத்தெட்டு வயதில் அந்நிலத்தைத் தனியே பார்ப்பவர் அவர். நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை; அறுவடை இயந்திரம் கேட்ட நாளில் வருவதில்லை; வந்தாலும் ஈர வயலில் இறங்குவதில்லை. மழை முந்தினால் கதிர் சாயும். பிந்தினால் சாவி ஆகும். பக்கத்து வயல்கள் மனையாகி மண்மேடிட்டபின் தண்ணீர் வடிய வழியில்லை.

‘வருசத்துக்கு ரெண்டு நாள் வந்து நெழல்ல இருக்கவனுக்கு வயலு அழகாத்தான் இருக்கும்’ என்றார் அவர்.

அச்சொல்லில் உண்மை இருந்தது. நகரத்துக்காரர் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கூடுகையின் இனிமையை வருவோர் நுகர்கின்றனர். அதன் சுமையை இருப்பவர் ஒருவர் சுமக்கிறார். இத்தகைய குடும்பங்கள் அனைத்திலும் அப்படியோர் ஒருவர் உண்டு. அவர் பெயரைப் புகைப்படங்களில் தேடினால் கிடைக்காது. படம் எடுக்கும்போது அவர் அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டிருப்பார்.

சித்தப்பா விற்பனைக்கு உடன்பட்டார். சிறுமியின் தந்தை தயங்கினார்: வயல் போனால் பந்தல் எங்கே போடுவது? கோயிலுக்குரிய இடம் பத்தடி அகலம்கூட இல்லை. கூட்டம் தங்குவதும் சமைப்பதும் வண்டி நிறுத்துவதும் எல்லாம் இவ்வயலில்தான். மனை வாங்குபவர் மதில் கட்டிவிட்டால், நாற்பத்து மூன்று தலைக்கட்டும் கும்பிட்டுவிட்டு உணவுவிடுதிக்குச் செல்ல வேண்டியதுதான். அப்படி ஆன குடும்பங்கள் அக்கம்பக்கத்திலேயே உள்ளன. வழிபாடு அங்கே நிற்கவில்லை. காலை வண்டியில் வந்து, கற்பூரம் காட்டி, மாலை வண்டியில் திரும்புகின்றனர். ஒருவர் வந்ததை மற்றவர் அறிவதில்லை.

அதுவரை பேசாதிருந்த அத்தையிடம் பெரியப்பா, ‘நீயும் ஒரு கையெழுத்துப் போடணும்’ என்றார். கூட்டுப் பட்டா நிலத்தை முழுமையாக விற்கப் பங்காளர் அனைவரும் ஒப்பமிட வேண்டும். அத்தை சிறிது நேரம் வயலைப் பார்த்தார்.

‘போடுதேன் அண்ணாச்சி. விக்கதுக்கு என் கையெழுத்து வேணும். வரிக்கு நான் வேண்டாமா?’

சினத்தோடு அவர் அதைக் கேட்கவில்லை. ஆயினும் தோப்பில் அமைதி நிலவியது. சித்தப்பா, அது வேறு இது வேறு என்றார். பெரியப்பா, நோட்டு நமது ஐவருக்கு மட்டும் உரியதன்று, நாற்பத்து மூன்று வீட்டுக்கும் பொது, ஒருவர் பெயரை முன்னே எழுதினால் நாளை நூறு பெயர் வரும் என்றார். ‘வரட்டுமே’ என்றார் அத்தை. நூறு பெயர் வந்தால் தலைவரி குறையும் என்று அவர் கணக்கும் சொன்னார். கணித ஆசிரியர் அல்லவா! அப்போது ஆச்சி தம் தாயின் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அக்காலத்தில் பெண்ணின் பெயரால்தான் வீடே அறியப்பட்டதாம். கணவன் வந்து போகும் விருந்தாளியாம். ‘அதும் நல்லா இல்லை. ஆம்பிளை செத்தா பிள்ளையள் தெருவுல. இதும் நல்லா இல்லை’ என்று முடித்தார். தொண்ணூற்றை நெருங்கும் ஒருவர் இரு முறைகளையும் அருகிருந்து அறிந்து கூறியது அது. இளையோர் எவருக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

பேச்சு அங்கிருந்து வேறொரு பூசலுக்குத் தாவியது. அடுத்த ஆண்டு உத்திரம் வாரத்தின் நடுவில் வருகிறது. கேரளத்தில் அதற்கு விடுமுறை இல்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுவதுண்டு. பெங்களூரிலோ புனேயிலோ அது உதவாது. எனவே கூடுகையை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம் என்று இளையவர் சிலர் சொல்லினர். சீனர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங் நாளன்று குடும்பமாகச் சென்று முன்னோர் கல்லறைகளைத் தூய்மை செய்து உணவு படைப்பர். 2008ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசு அதற்குப் பொது விடுமுறை தருகிறது. கேரளத்தில் ஓணத்திற்கு அலுவலகங்களும் பள்ளிகளும் மூடப்படுவதால்தான் தறவாட்டு வீடுகள் நிறைகின்றன. நாள்காட்டியில் இடம்பெற்ற விழா பிழைக்கிறது. இடம்பெறாத விழா ஒவ்வொருவரின் விடுப்புக் கணக்கையும் நம்பி வாழ்கிறது. இளையவர் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று.

ஆச்சி அதை ஒரே தொடரில் முடித்தார்: ‘சாஸ்தாவுக்கு ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது. உத்திரம் தெரியும்.’

இறுதியில் நாள் மாறவில்லை. ஆயினும், உத்திரத்தன்று வர இயலாதவர்க்காக அடுத்த சனி, ஞாயிறு இரு நாளும் பந்தலைப் பிரிக்காமல் வைப்பது என்று முடிவாயிற்று. இதனால் பெரியப்பாவின் சுமைதான் கூடும் என்பதை அத்தை சுட்டிக்காட்ட, பந்தல் வேலையை இளையோர் நால்வர் முந்தின நாளே வந்து ஏற்பதாகச் சொல்லினர். வருவார்களா என்பது அடுத்த பங்குனியில் தெரியும்.

வயலைப் பற்றிய பேச்சும் ஒருவாறு இறங்கியது. இரு ஆண்டுகளுக்கு அதைப் பக்கத்து வயல்காரருக்குப் பாட்டத்திற்கு விடுவது. மாசி அறுவடைக்குப்பின் சித்திரை உழவு வரை நிலம் குடும்பத்தின் பயன்பாட்டிற்கு. பாட்டப் பணம் விழாச் செலவிற்கு. விற்பனைப் பேச்சு இரண்டாண்டு கழித்து மீண்டும் வரும். பெரியப்பா இதற்கு மகிழ்ந்து உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை. வடிகாலைச் சீர்செய்யும் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அத்தை அதில் பாதியைத் தாம் தருவதாகச் சொல்ல, ‘சமபங்குன்னா சமபங்கு’ என்று அவர் மறுத்துவிட்டார்.

ஞாயிறு காலை சோம்பலாக விடிந்தது. பழங்கறியும் சம்பா அரிசிப் பழஞ்சோறும் உண்டனர். தோப்பில் வெட்டிய மட்டி வாழைக்குலைகளைச் சீப்புச் சீப்பாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்றாகக் கட்டினர். வண்டிக்கு நேரமிருந்தது. வரிநோட்டு இருபது ஆண்டுப் பழையது. தாள்கள் ஓரம் பொடிந்து உதிர்ந்தன. புதிய நோட்டொன்று வாங்கி வைத்திருந்த பெரியப்பா, பெயர்களைப் படியெடுக்கக் கையெழுத்து நல்லவராக ஒருவரைத் தேடினார். வந்திருந்த சிறுவர் சிறுமியர் பதினெழுவருள் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் நால்வர். அவர்களுள் மூவர் தேர்வுக்கு வேண்டிய அளவே எழுதுவர். கரமனைச் சிறுமியின் கையில் பேனா வந்தது.

புளியமரத்தடியில் அமர்ந்து அவள் எழுதினாள். பெரியப்பா பழைய நோட்டிலிருந்து சொல்ல, அவள் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துக்கொண்டாள். சில பெயர்களில் எந்த லகரம், எந்த னகரம் என்று ஐயம் எழுந்தது. எழுதப்பட்டவரே அருகில் நின்றிருந்தால் அவரிடமே கேட்டாள். ஒருவர் தம் பெயரை நாற்பது ஆண்டாகத் தவறாக எழுதிவந்ததாக அப்போதுதான் அறிந்தார். பாட்டாவின் கிளை வந்தது. பெரியப்பா, தந்தை, சித்தப்பா என்று மூன்று பெயரும் எழுதி முடித்து அவள் நிமிர்ந்தாள்.

‘அத்தையை எங்க எழுதணும் பெரியப்பா?’

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். களத்தின் மறுகோடியில் அத்தை உருளிகளை எண்ணிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த உத்திரத்தில் எல்லாக் கிளையையும் வைத்துப் பேசியபின்தான் பெயர் எழுத முடியும் என்றார் அவர். பிறகு, அந்த மூன்று பெயருக்கும் கீழே இப்போதைக்கு ஒரு வரி வெறுமையாக விடும்படி சொன்னார். அவள் ஒரு வரி விட்டு, பதினெட்டாம் எண்ணிட்டு, அடுத்த தலைக்கட்டின் பெயரை எழுதத் தொடங்கினாள்.